நூர் பாய்க்கு வண்டி பார்த்த கதை

போன மாதம் எங்கள் மருத்துவமனை ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. வேனின் பின்கதவு தானாகத் திறக்கிறது. உள்ளேயிருந்து சாய்பலகை நீண்டு வருகிறது. சக்கர நாற்காலியில் ஒருவர் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறார். பின்னணியில் கீபோர்டு இசை. அதற்குக் கீழே, நான் ஓய்வு பெற்றபின் என் வேலைக்கு வந்த பெண் கேட்டிருந்தாள்: "எஸ்தர் மேடம், ஒரு குடும்பம் வண்டி வாங்கணுமாம். எந்த மாடல் சொல்லலாம்?"

எனக்கு மாடல் பெயர் ஒன்றும் தெரியாது. வேலையில் இருந்த காலத்திலும் தெரியாது. நான் இயன்முறை சிகிச்சையாளர். கை கால் அசைவு பார்ப்பது என் வேலை. ஆனாலும் வண்டி பார்ப்பதில் எனக்கு ஒரு கதை உண்டு. அதைக் குழுவில் தட்டச்சு செய்ய விரல் ஒத்துழைக்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

படித்தது, பயிற்சி எடுத்தது எல்லாம் எல்லாருக்கும் போலத்தான். எலும்பின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், தேர்வு எழுதினேன், கடலூரில் ஒரு மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் சேர்ந்தேன், அங்கேயே தலை நரைத்தது. வேலை என்று நான் கற்றுக்கொண்டது அந்தப் பிரிவின் தலைவராக டாக்டர் வசந்தா வந்த பிறகுதான்.

டாக்டர் வசந்தாவுக்குக் குரல் உயராது. கோபம் வந்தால் இன்னும் தாழும். நோயாளியிடம் பேசும்போது நின்றுகொண்டு பேச மாட்டார். ஒரு குட்டை ஸ்டூல் வைத்திருப்பார், அதை இழுத்துப் போட்டு, சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்ணுக்கு நேராகத் தன் கண் வரும்படி உட்காருவார். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பிறகுதான் கேள்வி. கூட வந்தவர்கள் முந்திக்கொண்டு பதில் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்கள அப்புறம் கேக்குறேன்" என்பார். எத்தனையோ மூத்த மகன்கள் அந்த ஒரு வாக்கியத்தில் வாயடைத்துப் போனதை நான் ரசித்திருக்கிறேன்.

வண்டி வாங்க யோசனை கேட்டு வருபவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எங்க போவணும்?" என்பதுதான். பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கு என்பார்கள். "ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் இருக்கு. வேற எங்க?" என்பார். அதற்குப் பிறகு ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தை அவர் கலைக்கவே மாட்டார். எனக்கு அந்த நேரத்தில் நாக்கு துறுதுறுக்கும். "பஸ்ஸா பிடிக்கணும் எஸ்தர்?" என்று ஒரு தடவை கேட்டார். அதிலிருந்து அடக்கிக்கொள்ளப் பழகினேன். முழுசாகப் பழகினேன் என்று சொல்ல மாட்டேன்.

திருவதிகையிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்களுக்கு ஒரு பாடம். அம்மாவின் சக்கர நாற்காலியை மட்டும் எடுத்துப்போய், கதவில் நுழைகிறதா என்று பார்த்து, வேனை வாங்கிவிட்டார்கள். நாற்காலி நுழைந்தது. அம்மா உட்கார்ந்ததும் நுழையவில்லை. கொண்டை இடித்தது. நல்ல உயரமான அம்மாள். குனிந்துகொண்டே கோயிலுக்குப் போய்விட்டு வந்து கழுத்துப் பிடித்துக்கொண்டது என்று எங்களிடம் வந்தார். அன்றிலிருந்து டாக்டர் ஒரு முறை வகுத்தார். ஆள் உட்கார்ந்த நிலையில் தலை உச்சியிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். சாய்பலகையில் வீட்டில் யார் தள்ளப்போகிறாரோ அவரே தள்ளிக் காட்ட வேண்டும், பட்டறை ஆள் தள்ளக் கூடாது. நாற்காலியை நாலு மூலையிலும் தரையோடு கட்டிய பிறகு ஆளுக்குத் தனியாக பெல்ட் போட வேண்டும். நாற்காலியைக் கட்டியதே ஆளைக் கட்டியதாகாது. இதெல்லாம் முடிந்து ஒரு மேடு பள்ளமான சாலையில் ஒரு சுற்று. அந்தச் சுற்றில் வீட்டுத் தலைவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து டாக்டர் முன்சீட்டில் வருவார். திரும்பி வந்து இறங்கும் வீட்டுத் தலைவர்கள் பெரும்பாலும் அதிகம் பேச மாட்டார்கள்.

இனி நூர் பாய்.

நூர் முகமது கடலூர் ஓ.டி., அதாவது பழைய நகரத்துக்காரர். சொந்தமாக ஒரு மினி லாரி வைத்துப் பண்ருட்டியிலிருந்து முந்திரி மூட்டையும், பருவத்தில் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். ஒரு நாள் மூட்டைகளுக்கு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கைகள் மட்டும் பழைய லாரிக்காரரின் கைகளாகவே இருந்தன. எங்களிடம் பயிற்சிக்கு வருவார், சொன்னதைச் செய்வார், போய்விடுவார். ஆஸ்பத்திரியைத் தவிர அவர் வேறெங்கும் போகவில்லை. வரும்போதும் போகும்போதும் ஆட்டோவில் இரண்டு பேர் தூக்கி வைப்பார்கள். அப்போது கண்ணை மூடிக்கொள்வார்.

அவருடைய மகள் ரஹ்மத்துக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நிக்காஹும் அங்கேயே ஒரு மண்டபத்தில். மலேசியாவில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்த தம்பி நிசார், அண்ணனுக்காக ஒரு வண்டி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார். கல்யாணத்துக்கும் ஆகும், பிறகும் ஆகும். நல்ல மனுஷன் நிசார். ஆனால் எதையும் நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். டாக்டர் வசந்தா அப்போது விடுப்பில் இருந்தார். ஆகவே நிசார் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணன் நிக்காஹுக்கே வரலங்குறாங்க மேடம்."

"ஏன், என்னவாம்?"

"வலிதான் மேடம் பிரச்சன. அவுங்களால வர முடியலன்னா வலிய எனக்கு மாத்திக் குடுத்துடறேங்குறாங்க. நான் வேணாங்குறேன். கேக்க மாட்டேங்குறாங்க."

எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. தன் வலியைத் தம்பிக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு மனிதர் பேசும் அளவுக்கு வேதனை இருந்திருக்கிறது, நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு உணர்வு இல்லாத காலிலேயே எரிச்சலும் குத்தலும் வருவது உண்டு. ஆகவே சந்தேகப்படவும் தோன்றவில்லை.

"அவங்கவங்க வலி அவங்கவங்களுக்குத்தான் நிசார். அத யாருக்கும் மாத்திக் குடுக்க முடியாது" என்றேன் ஆறுதலாக.

"இல்ல மேடம், எங்கள்ல மாத்தலாம்" என்றார் அவர்.

என்ன பாசம் என்று நினைத்துக்கொண்டேன். நான் எத்தனையோ நிக்காஹுக்குப் போனவள்தான். ஆனால் பந்திக்கு முந்துகிற ஜாதி. மேடையில் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு நாளும் காது கொடுத்ததில்லை.

ஆக, வலிக்கு ஏற்ற வண்டி தேடினேன். குடிகாட்டுப் பக்கம் வண்டிகளுக்கு இப்படி மாற்று வேலை செய்கிற ஒரு பட்டறை இருந்தது. அதன் உரிமையாளரிடம், குலுங்காத வண்டியாக வேண்டும் என்றேன். ஏற்கெனவே வேலை முடித்த ஒன்றைக் காட்டினார். தரையைத் தாழ்த்திப் பின்கதவில் சாய்பலகை வைத்த குடும்ப வண்டி. நாற்காலி கடைசியில், பின்சக்கரங்களுக்கு நடுவில் நிற்கும். ஓட்டிப் பார்த்தேன், தொட்டில் மாதிரி இருந்தது. இருக்கைக்குத் தனியாக ஒரு காற்று மெத்தைக்கும் ஏற்பாடு செய்தேன். எனக்கே என்மேல் மெச்சுதல்.

ரஹ்மத் ஒரு நாள் அப்பாவோடு பயிற்சிக்கு வந்தபோது, வெளியே வராந்தாவில் என்னிடம் கேட்டாள். "வாப்பா வருவாங்களா மேடம்?"

"வண்டி ரெடி. வருவாரு."

"நிசார் சாச்சா இருந்து செஞ்சு குடுத்தாலும் நிக்காஹ் நிக்காஹ்தான். அதுல ஒண்ணும் குறையில்ல. ஆனா..." என்றவள் நிறுத்திக்கொண்டு பையில் எதையோ தேடத் தொடங்கினாள். கண் நிறைந்திருந்தது. தேடும் பொருள் எதுவும் அந்தப் பையில் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

டாக்டர் விடுப்பு முடிந்து வந்ததும் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஓட்டம் பார்ப்பது என்று முடிவாயிற்று. பட்டறைக்காரர் வண்டியைக் கொண்டுவந்தார். நிசார் தானே தள்ளினார். தள்ளும்போது வாய் சும்மா இருக்குமா.

"ஏத்து ஏத்து. அப்படியே நேரா. ரைட்ல கொஞ்சம் ஒடி. ஏத்திடலாம் வா."

அவர் சொன்னது யாரிடம் என்று தெரியவில்லை. தள்ளியது அவர் ஒருவர்தான். மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நூர் பாய் கண்ணை மூடிக்கொண்டார். கட்டினோம், பெல்ட் போட்டோம், ஒரு சுற்று சுற்றினோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "வலி எப்படி இருக்கு பாய்?" என்று இரண்டு தடவை கேட்டேன். "இல்ல மேடம்" என்றார். எனக்கு வெற்றிதான்.

இறக்கிய பிறகு நிசார், "எப்படிண்ணே?" என்றார்.

"நல்ல வண்டி" என்றார் நூர் பாய். "நீயே நிக்காஹுக்கு இருந்துக்க. நான் வீட்ல துவா செஞ்சுக்குறேன்."

நிசார் தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்குச் சுர்ரென்று வந்தது. இவ்வளவு மெனக்கெட்டும் இந்த மனிதர் இப்படிச் சொல்கிறாரே என்று. டாக்டர் வசந்தா காரிலிருந்து அந்தக் குட்டை ஸ்டூலை எடுத்துவரச் சொன்னார். வெயிலில், மைதானத்துப் புழுதியில் அதைப் போட்டு உட்கார்ந்தார்.

"நூர் பாய், எங்க போவணும்?"

"அண்ணன் மக நிக்காஹ் மேடம், செதம்பரத்துல..." என்று நிசார் தொடங்கினார்.

"உங்கள அப்புறம் கேக்குறேன்."

நூர் பாய் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் காத்திருந்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நிக்காஹுக்குப் போவணும்" என்றார் கடைசியில். "வலியா போவணும்."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "வலியோட ஏன் பாய் போவணும்? அதுக்குத்தான இவ்ளோ பாத்துப் பாத்து மெத்த கூட வாங்கினது?"

நூர் பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். நிசாரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வலியோட இல்ல மேடம். வலியா. பொண்ணுக்குப் பொறுப்பா உக்காந்து, மாப்பிள்ள கையப் புடிச்சுக் குடுக்குறவனுக்கு எங்கள்ல வலின்னு பேரு. வாப்பாதான் வலி. அவன் இல்லன்னா தம்பிக்குக் குடுக்கலாம்."

நான் வாங்கிய காற்று மெத்தை அவருக்குக் கீழேயே இருந்தது. டாக்டர் வசந்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சிரிப்பை மறைக்க அவருக்கு இருந்த ஒரே வழி அது. நிசாருக்கு விஷயம் புரிய இன்னும் கொஞ்சம் நேரம் ஆயிற்று. புரிந்ததும், "அதான் மேடம், நீங்க போன்ல ஒவ்வொரு தடவையும் வலி எப்படி இருக்குன்னு கேட்டப்ப, நான் நல்லாயிருக்கேன்னு சொன்னேன்" என்றார்.

"சரி நூர் பாய்" என்றார் டாக்டர். "வலியா போவணும். வண்டியும் நல்ல வண்டி. அப்புறம் என்ன?"

நூர் பாயின் சிரிப்பு நின்றுவிட்டது.

"வயசுப் புள்ளையா இருந்ததுலேருந்து மூட்ட ஏத்துனவன் மேடம் நான். மூட்டையத்தான் பின்னாடி ஏத்துவாங்க. ஆளு பக்கக் கதவுல ஏறும். இவன் என்னய ஏத்து ஏத்துன்னுதான் சொல்றான். தப்பா சொல்லல, இது ஏத்துறதுதான். ஆளப் பின்னாடி ஏத்துற வண்டி ஒண்ணு பள்ளிவாசல்ல நிக்குது. அதுல போற அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மக நிக்காஹுக்கு அப்படிப் போயி சம்பந்தி வீட்டு முன்னாடி எறங்க மாட்டேன்."

நிசாரின் முகம் மாறியது. அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தவர் நகர்ந்து முன்னால் வந்து நின்றார்.

"ம்" என்றார் டாக்டர். எழுந்து பட்டறைக்காரரிடம் போனார். "பக்கக் கதவுல செய்யலாமா?"

பட்டறைக்காரருக்கு இஷ்டமில்லை. அவர் சொன்ன காரணங்கள் நியாயமானவைதான். பக்கக் கதவில் சாய்பலகை வைத்தால் நீளம் போதாது, சரிவு செங்குத்தாகிவிடும். ஆகவே லிஃப்ட் வைக்க வேண்டும். லிஃப்ட் என்றால் உயரமான டெம்போ வேனாக இருக்க வேண்டும். இடது பக்கம் ஒரு ஆள் படுக்கிற அளவுக்காவது இடம் இருந்தால்தான் அது இறங்கும். இவர்கள் தெருவில் அந்த இடம் இல்லை. தெருமுனையில்தான் வண்டி நிற்க முடியும். வீட்டிலிருந்து முனைவரை அவர் நாற்காலியில் போக வேண்டும்.

"தெருவே வேடிக்க பாக்குமேண்ணே" என்றார் நிசார், மெதுவாக.

"பாக்கட்டும்" என்றார் நூர் பாய். "என் தெருதான."

குடிகாட்டுப் பட்டறைக்கு நாங்கள் நாலைந்து தடவை போயிருப்போம். தொழிற்பேட்டைக் காற்று மூக்கில் ஏறும், திரும்பி வந்தாலும் சேலையில் இருக்கும். நூர் பாயும் வந்தார். அவரை உட்காரவைத்துத் தலை உச்சி அளந்தோம். தொப்பியோடு அளக்கச் சொன்னார், அளந்தோம். நாற்காலி எங்கே நிற்பது என்பதில் ஒரு நாள் முழுக்க வாக்குவாதம். பட்டறைக்காரர் லிஃப்டுக்கு நேராகவே நிறுத்தலாம் என்றார். நூர் பாய்க்கு ஓட்டுநருக்குப் பின்னால், கொஞ்சம் நடுவில் வேண்டும். "அங்க இருந்தாத்தான் ரோடு தெரியும். டிரைவர் தூங்குனாலும் தெரியும்." நடு இருக்கை ஒன்றைக் கழற்றினார்கள். தரையில் கட்டும் வளையங்களை அந்த இடத்துக்கு நகர்த்தி, கீழே இரும்புப் பட்டை வைத்து இறுக்கினார்கள். டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு ஒவ்வொரு வளையத்தையும் இழுத்துப் பார்த்தார்.

லிஃப்டின் பொத்தான் ஒயரில் தொங்கும் சிறிய பெட்டியில் இருந்தது. வெளியே நிற்பவர் அமுக்க வேண்டியது. அதை நூர் பாய் கைக்கு எட்டும்படி நீட்டித் தரச் சொன்னார் டாக்டர்.

"ஹெல்பர்தான மேடம் அமுக்கணும்" என்றார் பட்டறைக்காரர்.

"ஹெல்பர் பக்கத்துல நின்னு பாத்துக்கட்டும். அமுக்குறது அவரு."

நூர் பாய் முதலில் சக்கரங்களுக்கு பிரேக் போட்டிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். தளம் முனகிக்கொண்டே மேலே போனது. கண் திறந்தே இருந்தது. கதவு மட்டம் வந்ததும் பிரேக்கை விடுவித்து, தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி உள்ளே போனார். அங்கிருந்து, "நிசாரு, ஏறு. போலாம்" என்றார்.

நிக்காஹ் நாளில் நான் அவர்களோடு அந்த வண்டியிலேயே சிதம்பரம் போனேன். தெருமுனைவரை அவர் வந்ததைத் தெரு பார்த்தது. சலாம் சொன்னார்கள், அவரும் சொன்னார். வழியெல்லாம் ஓட்டுநருக்கு அவர் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். அந்த ஓட்டுநர் பையன் பொறுமைசாலி. மண்டப வாசலில் சம்பந்தி வீட்டார் வரிசையாக நின்றிருந்தார்கள். பக்கக் கதவு திறந்தது. தளம் இறங்கியது. வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, தெருவைப் பார்த்து நேராக உட்கார்ந்தபடி நூர் பாய் இறங்கினார். மாப்பிள்ளையின் அப்பா கை நீட்டினார். இவர் பெட்டியை மடியில் வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தார்.

எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்தபோதுதான் மேடையைப் பார்த்தேன். உயரமான மேடை, குறுகலான படிகள். வண்டிக்காக இத்தனை மாதம் அளந்த நாங்கள் ஒருவரும் மண்டபத்தை வந்து பார்க்கவில்லை. டாக்டர் வசந்தா கூட வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன்.

மாப்பிள்ளை மாலையோடு மேலே உட்கார்ந்திருந்தார். நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் பக்கத்தில் இருந்தார். நூர் பாயின் நாற்காலி படிக்குக் கீழே நின்றுவிட்டது. உறவுப் பையன்கள் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். "ஆளுக்கு ஒரு பக்கம் புடிங்கப்பா, மேல ஏத்திடலாம்" என்றார் ஒருவர். நூர் பாய் இரண்டு கையாலும் பிரேக்கை அழுத்திப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

நிசார் பையன்களைக் கை காட்டி நிறுத்தினார். நிறுத்திவிட்டார், அடுத்து என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. "அப்ப தம்பியே மேல வந்து உக்காரட்டுமே, நேரமாவுதுல்ல" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது.

நிசார் அசையவில்லை. மேடையை நிமிர்ந்து பார்த்து, "எங்கண்ணந்தான் வலி" என்றார். வழக்கமான உரத்த குரல் இல்லை.

மாப்பிள்ளை எழுந்தார். "மாமா அங்கயே இருக்கட்டும். நான் வரேன்."

மாப்பிள்ளை மேடையை விட்டு இறங்குவதா என்று சம்பந்தி வீட்டில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. அவர் காதில் வாங்கவில்லை. மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து நூர் பாய்க்கு எதிரே போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்கும்படி உட்கார்ந்தார். ஹஜ்ரத்தும் மைக்கை எடுத்துக்கொண்டு கீழே வந்தார்.

நான் அவசரமாகத் திரையைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போனேன். ரஹ்மத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் நடந்தது எதுவும் தெரியாது. சத்தம் நின்றுபோனது மட்டும் தெரிந்திருக்கும். விரல்களைப் பின்னிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

ஒலிபெருக்கி கரகரத்தது. ஹஜ்ரத்தின் குரல் வந்தது.

"பொண்ணுக்கு வலி யாரு?"

மைக் கை மாறும் சத்தம் கேட்டது.

"நாந்தான் ஹஜ்ரத். நூர் முகமது. பொண்ணோட வாப்பா."

ரஹ்மத் என் கையைப் பிடித்தாள். அவள் அப்பாவின் கையைப் போலவே அழுத்தமான பிடி. அந்தப் பக்கம் நூர் பாய் ஹஜ்ரத் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார். பாதியில் குரல் உடைந்தது. ஹஜ்ரத் மறுபடி எடுத்துக் கொடுத்தார். நூர் பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடராமல், முதல் வார்த்தையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார்.

"கேக்குதா மேடம்?" என்றாள் ரஹ்மத். "எங்க வாப்பா சொல்றாங்க."